காயலான் கடையில் எடுக்காதவை

சென்னை பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வியை இந்த ஓராண்டில் பலரிடம் சொல்லிவிட்டேன். ஓட்டக் குழு நண்பர்களிடம் சொன்னேன், வீட்டில் சொன்னேன், அலுவலகத்தில் மதிய உணவின்போது சொன்னேன். ஒவ்வொரு முறையும் கேட்டவர்கள் ஒரு கணம் அமைதியாகி, பிறகு ஏதோ ஒரு தீர்வைச் சொன்னார்கள். அந்தத் தீர்வுகளில் சிலவற்றை நாங்கள் செய்தும் பார்த்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதமும், அதைக் கேட்ட முகத்தில் எந்தக் கோபமும் இல்லாதிருந்ததும் எனக்குள் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் கொஞ்சம் தெளியுமோ என்று எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டாவது வயதில் இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நான் ஓடத் தொடங்கினேன். அடையாற்றில் வீடு என்பதால் பெசன்ட் நகர்க் கடற்கரை பக்கம். அங்கே ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களுமாக இருபது பேர் மெல்ல ஒரு குழுவானோம். ஞாயிறுதோறும் ஐந்தரை மணிக்கு ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே கூடுவது வழக்கமாயிற்று. ஓட்டத்தோடு குப்பை எடுப்பதும் சேர்ந்தது பின்னால்தான். 2016இல் ஸ்டாக்ஹோமில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் தொடங்கிவைத்த இந்தப் பழக்கம் ‘ப்ளாக்கிங்’ என்ற பெயரோடு உலகமெல்லாம் பரவி, 2019 அக்டோபர் 12 அன்று பிரதமர் மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பொறுக்கிய காணொளி வந்தபோது நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் இடம்பிடித்தது. எங்களில் ஒருவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. எல்லாருக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. ஓடி முடித்த உடம்போடு குனிந்து நிமிர்ந்து மணலில் கிடப்பதை எடுக்கும்போது, இந்த ஊருக்கு நான் வெறும் குடியிருப்பவன் மட்டுமல்லன் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் உண்மையானது. அதை இன்றும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கையுறைகளும் சாக்குப்பைகளும் வாங்கினோம். ஒரு நண்பர் மீன் நிறுக்கப் பயன்படும் தொங்கு தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். ஏழு மணிக்கு எல்லாப் பைகளையும் நிறுத்து, கூட்டி, அந்தத் தொகையைப் படத்தோடு வாட்ஸாப் குழுவில் போடுவோம். நாற்பது கிலோ, ஐம்பத்தைந்து கிலோ, மழைக்குப் பிறகான ஒரு ஞாயிற்றில் நூறு கிலோவுக்கு மேல். பிறகு பைகளைத் தெருமுனையில் இருக்கும் மாநகராட்சித் தொட்டியருகே வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவோம். இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். பொழுது முழுதாக விடிந்திருக்கவில்லை. வழியில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் கிடக்க, பழக்கத்தில் எடுத்துக்கொண்டு தொட்டி எங்கே என்று பார்த்தேன். பத்தடி தள்ளி அந்த அம்மா நின்றிருந்தார். அறுபதைக் கடந்த வயது இருக்கும். சேலைக்கு மேலே ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தோளில் சர்க்கரை மூட்டையின் வெள்ளைச் சாக்கு, கையில் நுனி வளைந்த கம்பி. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவற்றை அவரிடம் நீட்டினேன். வாங்கி, மூடியைத் திருகி எடுத்து இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டிலைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிச் சாக்கில் போட்டார். இரண்டு பாட்டிலுக்கும் சேர்த்து நாலைந்து விநாடிகூட ஆகியிருக்காது.

“நீங்க ஞாயித்துக்கெழமை வர்றவங்கதானே சார்?” என்றார். ஆமாம் என்றேன்.

“உங்களுக்குக் கடையில கிலோவுக்கு எவ்ளோ போடுறாங்க?”

எனக்குக் கேள்வி புரியவே சிறிது நேரம் ஆயிற்று. நாங்கள் விற்பதில்லை, எல்லாவற்றையும் மாநகராட்சித் தொட்டியில் போட்டுவிடுகிறோம் என்றேன். “தொட்டியிலயா? பாட்டிலையுமா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “நான் ஞாயித்துக்கெழமை வர்றதில்ல தம்பி. அன்னிக்கு நீங்க எடுத்துர்றீங்க, வந்தாலும் ஒண்ணும் இருக்காது. இத்தினி பேரு கையில உறை போட்டுக்கினு வர்றீங்களே, ஏதோ கம்பெனி வெச்சு நடத்துறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார்.

சொல்லிவிட்டுத் தன் வழியில் நடந்தார். விற்கிறவன் என்று எண்ணியிருந்தவரை ‘சார்’ என்றும், விற்காதவன் என்று தெரிந்ததும் ‘தம்பி’ என்றும் அவர் என்னை அழைத்தார் என்பது வீட்டுக்கு வந்து குளித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமையின் கணக்கு

அடுத்த வாரங்களில் அதே நேரத்துக்குப் போய் அவரோடு கொஞ்ச தூரம் நடந்தேன். அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் எனக்காக நிற்கவும் இல்லை. அவருடைய கணக்கு எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருபது, இருபத்தைந்து கிராம் எடைதான் இருக்கும். ஆக நாற்பது, ஐம்பது பாட்டில் குனிந்து எடுத்தால் ஒரு கிலோ. அரை லிட்டர் பாட்டில் என்றால் இன்னும் அதிகம் வேண்டும். அந்த ஒரு கிலோவுக்குச் சில பத்து ரூபாய்கள். காயலான் கடைக்காரர் அன்றன்றைக்குச் சொல்வதுதான் விலை. மூடிக்குத் தனி விலை, அதனால்தான் தனிப் பை. லேபிளை உரித்துக் கொடுத்தால் கடைக்காரர் கழிக்கமாட்டார். நனைந்திருந்தால் கழிப்பார், மணல் இருந்தால் கழிப்பார். பால் கவர் எடுப்பார், அட்டைப்பெட்டி எடுப்பார், பீர் டின் எடுப்பார், உடைந்த பக்கெட் எடுப்பார்.

இந்தக் கடற்கரையில் மிக அதிகமாகக் கூட்டம் கூடுவது சனி மாலையும் ஞாயிறு மாலையும். ஆகவே அவருக்கு வாரத்தில் நல்ல விடியல்கள் இரண்டு: ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று. திங்கள் விடியலில் மாநகராட்சியின் மணல் சலிக்கும் வண்டி சீக்கிரமே இறங்கிவிடுகிறது. அதோடு போட்டியிட அவருக்குக் காலில் வலுவில்லை. மீதியிருந்தது ஞாயிறு. அந்த ஞாயிற்றைத்தான் நாங்கள் இரண்டு ஆண்டுகளாக எடுத்துக்கொண்டிருந்தோம். இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போகிறவர்களுக்கு, ஐந்து மணிக்கு வந்துபோகிற ஒருவர் ஒரு நாள் வராமல் போனது எப்படித் தெரியும் என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கடற்கரையில் கிடப்பது யாருக்கும் வேண்டாத பொருள் என்று நாங்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டிருந்தோமே, அந்த முடிவுக்கு நாங்கள் எப்படி வந்தோம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

என்னை இதைவிட அதிகமாக அலைக்கழித்தது இன்னொன்று. அவருடைய வருமானம் போயிற்று, சரி. பதிலுக்கு ஊருக்காவது நன்மை கிடைத்ததா என்று யோசித்துப் பார்த்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று எண் பொறித்த பெட் பாட்டில் அவருடைய சாக்கில் ஏறினால் கடைக்குப் போகிறது. அங்கிருந்து மொத்த வியாபாரிக்கும், பிறகு அதைக் கழுவிச் சீவல்களாக அரைக்கும் ஆலைக்கும், கடைசியில் நூலிழையாக மாற்றும் ஆலைக்கும் போகிறது. நாம் உடுத்தும் பாலியெஸ்டர் துணியில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். இந்தியாவில் பெட் பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி மறுசுழற்சிக்குப் போகிறதென்றால் அதற்கு முதல் காரணம், விடியலுக்கு முன் சாக்கோடு நடக்கும் இவர்களைப் போன்றவர்கள். அதே பாட்டில் எங்கள் பையில் விழுந்தால் என்ன ஆகும்? ஈரத் துணியோடும் பாதி தின்ற சோளத்தோடும் மணலோடும் சேர்ந்து தெருமுனைத் தொட்டிக்கு, அங்கிருந்து காம்பாக்டர் லாரியில் நசுங்கிப் பெருங்குடிக்கு. நாள்தோறும் ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேரும் நகரத்தில், அப்படி நசுங்கி வருவதிலிருந்து ஒரு பாட்டிலை யாரும் மீட்டெடுக்கப் போவதில்லை. பெருங்குடிக் கிடங்கு இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அதே சதுப்புநிலம். பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பையை அண்மை ஆண்டுகளில்தான் அங்கே தோண்டிச் சலித்து அகற்றத் தொடங்கினார்கள். சதுப்புநிலத்தைப் பற்றிக் கவலைப்படும் நாங்கள், நூலாகியிருக்க வேண்டிய பாட்டில்களை எடுத்து ஒவ்வொரு ஞாயிறும் அங்கே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

குனிகிறவர்கள்

ஒரு காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் குனிந்து எடுக்கும்போது நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். சிலர் நின்று வாழ்த்துவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்து எங்களைக் காட்டிய ஆசிரியை ஒருவரும் உண்டு. நான் அந்த அம்மாவோடு நடந்த நாள்களில் ஒன்றில், கடலில் இறங்கிவிட்டு வந்த ஓர் இளைஞர் தன் செருப்பைக் காணோம் என்று சொல்லி, நேராக வந்து சாக்கைத் திறந்து காட்டச் சொன்னார். அந்த அம்மா எதுவும் பேசாமல் சாக்கைக் கவிழ்த்துக் காட்டினார். பாட்டில்கள் மணலில் உருண்டன. செருப்பு நாலடி தள்ளி ஒரு படகின் நிழலில் இருந்தது. இளைஞர் அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது, அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டு, “வுடு தம்பி, நாளைக்கும் நான் இங்கதான வரணும்” என்றார். பாட்டில்களை மறுபடி சாக்கில் போட நானும் உதவினேன். அன்றைக்கு எனக்குக் கையுறை இல்லை.

ஒரே மணல், ஒரே பாட்டில், ஒரே குனிதல். பார்க்கிறவர்களின் கண்ணில் மட்டும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்டால், நம் ஊரில் குப்பையைத் தொடுவது யாருடைய வேலையாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்துதான் பதில் தொடங்கும். அது சாதியின் கணக்கு. அதை வேறு எந்த மென்மையான சொல்லாலும் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். தன்னார்வலன் குனிவது அவனாக விரும்பிச் செய்வது, வேண்டாம் என்றால் அடுத்த ஞாயிறு தூங்கலாம். அதனால்தான் அது பாராட்டப்படுகிறது. தூய்மைப் பணியாளருக்கும் இந்த அம்மாவுக்கும் அந்தத் தேர்வு இல்லை. அதனாலேயே அது பாராட்டப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை பொறுக்கி வாழ்வோரின் அமைப்புகளை உள்ளாட்சிகள் அடையாளம் கண்டு தங்கள் கழிவு மேலாண்மையில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்தில் சொல்லின. புனேயில் 1993இல் தொடங்கிய குப்பை பொறுக்குவோர் சங்கத்திலிருந்து வளர்ந்த ஸ்வச் கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடு வீடாகக் குப்பை வாங்குகிறது. உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை உண்டு, வீடுகள் தரும் கட்டணம் உண்டு, விற்கத்தக்க பொருளின் மீது உரிமை உண்டு. அங்கே சாக்கைக் கவிழ்க்கச் சொன்னால், இது என் வேலை என்று அட்டையை எடுத்துக் காட்டலாம்.

குழுவில் எழுந்த வாதம்

இதையெல்லாம் குழுவில் சொன்னபோது மூன்று ஞாயிறுகள் வாதம் நடந்தது. காப்பிக் கடையில் நின்றுகொண்டே, சில நேரம் குரல் உயர்ந்தும்கூட. பாட்டில்களை எடுக்காமல் விட்டுவிடுவோம் என்று நான் சொன்னேன். எங்களில் மூத்தவரான, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அதை ஏற்கவில்லை. கண்முன்னே கிடக்கும் பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போவதற்கா நாம் வருகிறோம், ஓர் அலை வந்தால் அது கடலுக்குள் போய்விடுமே, ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடமல்லவா இது என்றார். அவர் சொன்னது தவறில்லை. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவுதோறும் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காத்துவரும் கரை இது. மும்பையின் வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தொடங்கிய துப்புரவு வாரந்தோறும் நடந்து, 2018இல் ஆமைக் குஞ்சுகள் அந்தக் கரையிலிருந்து கடலுக்குள் இறங்கியதை அவர் எடுத்துச் சொன்னார். தன்னார்வலர்களின் கைகளால் ஒரு கடற்கரை உயிர்பெற முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு நண்பர் கேட்டதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒரு மூதாட்டி குனிந்து பொறுக்குவதற்காகப் பாட்டில்களை மணலில் விட்டுவைப்பது என்ன அறம், அவர் அந்த வேலையே செய்யாதிருக்கும்படி செய்வதல்லவா உதவி, நாம் மாதம் ஏதாவது பணம் சேர்த்துக் கொடுத்துவிடலாமே என்றார். இதற்கு நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. வறுமையைப் பாதுகாப்பது போன்ற தோற்றம் அதில் இருக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. ஆயினும், அவர் அந்த வேலையைச் செய்யாதிருக்கும் நிலை வரட்டும் என்பது ஒன்று. அது வருவதற்கு முன்பே அவருடைய வேலையை நாம் இலவசமாகச் செய்து பறித்துக்கொள்வது முற்றிலும் வேறு. முதலாவதற்கு அரசும் சட்டமும் ஓய்வூதியமும் வேண்டும். இரண்டாவதை நிறுத்துவதற்கு எங்கள் இருபது பேரின் கைகளே போதும்.

ஒரு நடுவழி தோன்றியது. பாட்டில்களை மட்டும் தனிச் சாக்கில் சேர்த்து, மணல் தட்டி, அந்த அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். மகிழ்ச்சியோடு போய்ச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். ஷ்மிட் மண்டபத்திலிருந்து மாதா கோயில் வரைதான் அவருடைய பகுதி. வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கம் வேறொருவர். தெற்கே அஷ்டலட்சுமி கோயிலைத் தாண்டினால் கணவனும் மனைவியுமாக இருவர். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கை வைப்பதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். குணமாகி வந்ததும் விட்டுக்கொடுப்பார். “நீங்க மொத்தமா என் கையில குடுத்தா, மத்தவங்க என்னாண்ட சண்டைக்கு வருவாங்க. கெடக்கறது கெடக்கற எடத்துல கெடந்தா அவங்கவங்க எடுத்துப்போம்” என்றார்.

இவ்வளவு ஒழுங்கோடு நாலைந்து பேர் பங்கிட்டு வைத்திருந்த ஒரு கரையை, யாருக்கும் பொறுப்பில்லாத வெற்று மணல் என்று நினைத்துத்தான் நாங்கள் இறங்கியிருந்தோம். என் நினைப்பு மாறியது அந்தச் செவ்வாய்க்கிழமையில் என்று சொல்லிக்கொண்டிருந்தாலும், உண்மையில் மாறியது இந்த மறுப்பைக் கேட்டபோதுதான். செவ்வாயன்று எனக்கு ஏற்பட்டது குற்றவுணர்வு. அதற்கு ஏதாவது கொடுத்துவிட்டால் போதும் என்றிருந்தது. அவர் வாங்க மறுத்தபோது, கொடுக்கும் இடத்தில் நான் இல்லை என்பது விளங்கியது. எங்களுக்கு முன்பே அங்கே ஒரு துப்புரவு நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் பின்னால் வந்தவர்கள். பின்னால் வந்தவர்கள், முன்னால் வந்தவர்கள் எடுக்காததை எடுக்க வேண்டும்.

கனமில்லாத பை

ஆகவே முறையை மாற்றினோம். அலை ஏறும் கோட்டுக்குக் கீழே கிடக்கும் பாட்டிலைக் கடல் கொண்டுபோகாதபடி மேலே உலர்ந்த மணலில் போட்டுவிடுவது. மேலே கிடப்பதைத் தொடாதிருப்பது. கடையில் எடுக்காத எல்லாவற்றையும் எடுப்பது. மூத்த நண்பரும் இதற்கு ஒப்புக்கொண்டார். புறப்படும் நேரத்தையும் ஆறு மணிக்குத் தள்ளினோம்.

கடையில் எடுக்காதவை என்ன என்று தேடத் தொடங்கிய பிறகுதான் கடற்கரை எனக்கு வேறாகத் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக நான் பார்க்காமல் தாண்டி ஓடியவை அவை. சிகரெட்டின் பஞ்சு முனை, பார்க்கப் பஞ்சு போலிருந்தாலும் பிளாஸ்டிக் இழைதான். ஐஸ்கிரீம் கரண்டி, உறிஞ்சுகுழல், பஜ்ஜிக் கடையின் சாஸ் பொட்டலம், தெர்மோகோல் துணுக்கு, சிப்ஸ் உறை, பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே. இவற்றில் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பதினான்கு பொருள்களில் சிலவும் கிடக்கின்றன. தடைக்குள் வராதவை அதைவிட அதிகம். சிப்ஸ் உறையின் உட்புறம் வெள்ளியாக மின்னுகிறதே, அது பிளாஸ்டிக்கின் மேல் படியவைத்த அலுமினியம். வெவ்வேறு படலங்கள் ஒட்டி ஒன்றாகிவிட்டதால் அவற்றைப் பிரிக்க இயலாது; பிரிக்க இயலாததற்குக் கடையில் விலை இல்லை. நன்றாக உலர்த்திச் சேர்த்தால் சிமென்ட் ஆலையின் சூளையில் எரிபொருளாகப் போகும், அவ்வளவுதான். எங்கள் பைகளை இப்போது கலப்பில்லாமல், உலர்கழிவு என்று தனியாக, பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரின் கையில் நேராகக் கொடுக்கிறோம். கலந்து கட்டி வைத்துவிட்டுப் போன பழைய பைகளைப் பிரித்தவரும் தாம்தான் என்று முதல் நாளே அவர் சொன்னார்.

சாஷேக்களை எடுக்கும்போது எனக்கு ஒரு நினைவு வருவதுண்டு. சாஷேவின் தந்தை என்று சொல்லப்படுகிற சின்னி கிருஷ்ணன் நம் கடலூர்க்காரர். பெரிய பாட்டில் வாங்க இயலாத உழைப்பாளியும் வாங்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த சிறு பொட்டலம் அது. என் அம்மா மளிகைக் கடைச் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்து வாங்கி வந்து இரண்டு தலைக்கு ஊற்றியதை நான் மறக்கவில்லை. காசு குறைந்தவர் வாங்கக்கூடியதாகச் செய்யப்பட்ட அந்தப் பொருளின் உறை, காசு குறைந்தவர் பொறுக்கி விற்க முடியாத குப்பையாக மணலில் எஞ்சியிருக்கிறது. அதைச் செய்தவர்களே திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. அந்த உறைக்கு ஒரு விலை வைத்தால் என்ன ஆகும் என்பதை நீலகிரியில் பார்க்கலாம். யானைகளின் காலைக் கிழிக்கும் மதுப்புட்டிகளைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022இல் அங்கே ஒவ்வொரு புட்டிக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. புட்டியின் கண்ணாடி மாறவில்லை, குடிப்பவரின் குணம் மாறவில்லை. பத்து ரூபாய் மட்டும் சேர்ந்தது.

எங்கள் குழுவுக்கு இந்த மாற்றத்தால் ஓர் இழப்பும் உண்டு. எடை போய்விட்டது. முன்பு எங்கள் நாற்பது, ஐம்பது கிலோவில் பெரும்பங்கு நனைந்த துணியும் மணலும்தான் என்பது இப்போது தெரிகிறது. ஆயிரம் ஷாம்பு சாஷேக்களைச் சேர்த்தாலும் அது ஒரு கிலோவை எட்டாது. முதுகு ஒடிய ஒன்றரை மணி நேரம் பொறுக்கிய பிறகு தராசின் முள் அசைந்ததா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. படத்தில் காட்டவும் எதுவும் இல்லை. நிரம்பிப் புடைத்த பைகளின் இடத்தில் தொளதொளத்த ஒரு பை. நான்கு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணுக்குத் தெரியும் பயன் ஒருவரை விடியலில் எழுப்பும் வல்லமை உடையது. தராசை ஒரு நாள் நண்பர் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார். அதன் பிறகு யாரும் எண்ணைக் கேட்கவில்லை.

மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாள், செப்டம்பர் ஒன்பது, விடுப்பு எடுத்துக்கொண்டு ஆறு பேர் போயிருந்தோம். பத்து நாளாக நடந்து வந்த பக்தர்களின் கூட்டம் விட்டுச் சென்றவை கடற்கரையெங்கும் கிடந்தன. அந்த அம்மா ஐந்து மணிக்கே வந்துவிட்டிருக்கிறார். நாங்கள் போனபோது இரண்டு சாக்குகள் நிரம்பி, வாய் கட்டப்பட்டு, தடுப்புச் சுவரோரம் நின்றன. மூன்றாவதைக் காலடியில் வைத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்து பாட்டில்களின் லேபிளை உரித்துக்கொண்டிருந்தார். நகத்தால் ஓர் ஓரத்தைக் கீறி இழுத்தால் வளையமாகக் கழன்று வருகிறது. கழன்றவை காற்றில் பறக்காதிருக்க அவற்றின் மேல் ஒரு கல்லை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கல்லை எடுத்துவிட்டு, அந்த லேபிள்களை இரண்டு கையாலும் அள்ளி நீட்டினார்.

“இந்தா தம்பி, இது உங்களுது.”

பையின் வாயை விரித்துப் பிடித்தேன்.